யார் யாரிடம் திரும்புவது

பாடாங் பாஞ்சாங்
6 மார்ச் 1972

அன்புள்ள நெலிஸ்,

நல்ல செய்தியிலிருந்தே தொடங்குகிறேன். இன்று காலை பஸ்ஸை ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிட்டு நேரே மத அலுவலகத்துக்குப் போனேன். இரண்டு சாட்சிகளை வைத்துக்கொண்டு, பதிவாளர் முன்னால், "என் மனைவி டார்னெலிஸை ருஜூக் செய்துகொண்டேன்" என்று சொல்லிவிட்டேன். குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. சாட்சிகளில் ஒருவர் நம் கண்டக்டர் ஜாமாரிஸ். வெளியே வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "அப்போ இனிமே மத்தியானச் சாப்பாடு நெலிஸ் கடையிலதானே?"

ஜனவரியில் நான் சொன்னது ஒரே ஒரு தலாக். இத்தா என்கிற காத்திருப்பு நாள் முடிவதற்குள் ருஜூக் சொல்லிவிட்டால் பழைய நிக்காஹே நிலைத்துவிடும். புதிதாக நிக்காஹ், மஹர், விருந்து ஒன்றும் வேண்டாம். இது உனக்குத் தெரியாததல்ல. நீ கவலைப்பட்டுக்கொண்டிருப்பாயே என்றுதான் எழுதுகிறேன்.

சின்ன விஷயம் ஒன்று பாக்கி இருக்கிறது. பதிவாளர் பாதி எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிட்டார். "பொண்டாட்டி எங்கப்பா? அவங்க வந்து சம்மதம்னு சொல்லணும். இத்தா இன்னும் முடியலைன்னும் அவங்க வாயாலதான் சொல்லணும். அதுவரைக்கும் பதிவு கிடையாது" என்றார். அவள் வெட்கப்படுவாள் என்றேன். "வெட்கப்படுறவங்க சோத்துக்கடை நடத்துவாங்களா?" என்றார். அவரும் உன் கடையில் சாப்பிட்டிருக்கிறார் போலிருக்கிறது.

ஆகவே வியாழக்கிழமை கிளம்பி வாசலில் நில். டிரைவருக்குப் பின்சீட்டை உனக்காக வைத்திருக்கிறேன், டிக்கெட் கிடையாது. கையெழுத்து முடிந்ததும் உங்கள் வீட்டார் முறைப்படி வெற்றிலையோடு என் அக்கா வீட்டுக்கு வந்து என்னை அழைத்துப் போகட்டும். உன் தாய்மாமாதான் வரவேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிக்க மாட்டேன். அவர் சார்பில் யார் வந்தாலும் போதும். இதற்குமேல் ஒரு மனிதன் எப்படி இறங்கி வருவான், நீயே சொல்.

நான் எடுத்துவந்த தலையணை பத்திரமாக இருக்கிறது. வரும்போது எடுத்து வருகிறேன்.

பஹ்ரிசால்


பாடாங் தாரோக்
10 மார்ச் 1972

டிரைவர் பஹ்ரிசால் அவர்களுக்கு,

உடா என்று எழுதத்தான் கை போகிறது. ஆனால் அது புருஷனைக் கூப்பிடுகிற சொல். பஸ் டிரைவரை அப்படிக் கூப்பிட்டால் ஊர் சிரிக்கும்.

நேற்று பஸ்ஸை எங்கள் வாசலில் நிறுத்தி ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தீர்கள். நான் உள்ளே மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தேன். பஸ் நின்றதும், சாப்பாட்டுக்கு நிறுத்துகிறீர்கள் என்று நினைத்து ஒரு பெரியவர் துண்டை உதறிக்கொண்டு இறங்கிவிட்டாராம். அவரைத் திரும்ப ஏற்றுவதற்குள் ஜாமாரிஸ் பட்ட பாட்டை அவரே வந்து சொன்னார். வாசல் கடையில் இருந்த எல்லோரும் என் முகத்தைத்தான் பார்த்தார்கள். நான் அம்மியைப் பார்த்துக்கொண்டேன்.

என்னை ருஜூக் செய்துகொண்டதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லை நானும் எத்தனையோ வீட்டு விஷயத்தில் கேட்டிருக்கிறேன். "பொண்டாட்டியைத் திரும்ப எடுத்துக்கிட்டான்" என்றுதான் ஊரில் சொல்வார்கள். என் விஷயம் என்று வந்தபோதுதான், அது என்ன எடுத்துக்கொள்வது என்று உறுத்தியது. பெண்களுக்கு ஓதிக்கொடுக்கிற சலேஹா அம்மாவிடம் போய்க் கேட்டேன். "அரபியில அதுக்கு அர்த்தம் திரும்புறதுதான், வேற ஒண்ணுமில்ல. எடுக்கிறது, கொடுக்கிறது எல்லாம் நம்ம ஆளுங்க சேர்த்துக்கிட்டது" என்றார்.

அப்படியானால் நான் ஒன்று கேட்கிறேன். திரும்புவது யார்? நான் பிறந்த வீட்டில்தான் இருக்கிறேன். என் அம்மாவும் அவள் அம்மாவும் இருந்த வீடு. பாய் அதே இடத்தில் இருக்கிறது, அடுப்பும் அதே இடத்தில் எரிகிறது. தலையணையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கியது நீங்கள். இருந்த இடத்திலேயே இருக்கிறவளை எங்கிருந்து எங்கே எடுத்துக்கொள்வீர்கள்?

அன்று நடந்ததை நீங்கள் மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை. சமையலறைக் கதவு வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி நீங்கள் மாற்றி மாட்டினீர்கள். நீங்கள் பாடாங் நகரத்துக்குப் போயிருந்தபோது மாமா அதைக் கழற்றிப் பழையபடியே மாட்டிவிட்டார். கோபம் என்றால் அவரோடு மோதியிருக்க வேண்டும். அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. எல்லோரும் பாயில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, உங்கள் தட்டில் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த என்னைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொன்னீர்கள். அம்மா கையிலிருந்த சோறு தட்டிலேயே விழுந்தது.

தினமும் வேலைக்குப் புறப்படும்போது "போய்ட்டு வர்றேன்" என்பீர்கள். அன்று "போறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினீர்கள்.

நான் அலுவலகத்துக்கு வரமாட்டேன். பின்சீட்டை யாராவது பிள்ளைத்தாய்ச்சிக்குக் கொடுங்கள்.

டார்னெலிஸ்

பி.கு. இப்போதெல்லாம் எதிர்ச்சாரி அஸ்னி கடையில் பஸ்ஸை நிறுத்துகிறீர்களாமே. அவள் மீன் குழம்பில் மீனைத் தேடிக் கண்டுபிடித்தால் எனக்கும் சொல்லி அனுப்புங்கள்.


பாடாங் பாஞ்சாங்
17 மார்ச் 1972

நெலிஸ்,

உன் கடிதத்தை பஸ் ஸ்டாண்டில் நின்றே படித்தேன். டிரைவர் அவர்களாம். சரி, அப்படியே இருக்கட்டும்.

நீ கேட்டது நியாயமான கேள்வி என்றே வைத்துக்கொள்கிறேன். இறங்கிப் போனவன்தான் திரும்ப வேண்டும். ஆனால் நான் எப்படி ஏறுவேன் என்று யோசித்தாயா? நம் ஊரில் ஆம்பிளை தானாக ஒரு வீட்டுப் படி ஏறுவதில்லை. அழைத்துத்தான் போவார்கள். கல்யாணத்தன்று உங்கள் ஆட்கள் குடை பிடித்து, வெற்றிலைத் தட்டு ஏந்தி, என் அக்கா வாசலில் நின்று கெஞ்சி அழைத்துப் போனார்களே, அப்படி. இன்று தலையணையோடு நானாக வந்து ஏறினால் பசிக்கு வந்தவன் என்பார்கள். அக்கா சொல்வதைக் கேள்: "எங்க வீட்டுப் பையன் ஒண்ணும் தெருவுல போறவன் இல்ல. கூப்பிட்டா அனுப்புறேன். கூப்பிடாம போனா இந்தப் பக்கம் திரும்பி வராதே."

அக்கா வீட்டிலும் எனக்கு இடம் இல்லை. அது அவளும் அவள் பெண்களும் இருக்கிற வீடு, அங்கே சாப்பிடலாம், தங்க முடியாது. ஊர்த் தொழுகைக்கூடத்தில் படுக்கிறேன். ஒரு பக்கம் மீசை முளைக்காத பையன்கள், இன்னொரு பக்கம் மனைவியை இழந்த கிழவர்கள். முப்பத்தாறு வயதில் நடுவில் நான். பையன்கள் என்னை மாமா என்கிறார்கள், கிழவர்கள் தம்பி என்கிறார்கள். இரண்டுமே பிடிக்கவில்லை.

கதவைப் பற்றி எழுதிவிட்டாய், நானும் எழுதுகிறேன். நான்கு வருஷம் அந்த வீட்டில் விருந்தாளி மாதிரியே இருந்தேன். கூரையைப் பற்றிப் பேசினால் மாமா இருமுவார், வயலைப் பற்றிப் பேசினால் எழுந்து போய்விடுவார். போகட்டும் என்று விட்டேன். ஆனால் மழைக்காலத்தில் விறகு ஈரமானால் அந்தச் சமையலறையில் புகை நிறைந்துவிடும். கதவு உட்பக்கம் திறந்து அடுப்பை மறைத்துக்கொள்ளும், புகை போக வழியில்லை. நீ விடிய விடிய இருமுவாய். அதற்காகத்தான் மாற்றினேன். மாமா கேட்டபோது, விறகு கொண்டுவர வசதியாக இருக்கும் என்று சொன்னேன். பொண்டாட்டி இருமலுக்காகக் கதவை மாற்றினேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

திரும்பி வந்து பார்த்தால் கதவு பழையபடி இருந்தது. அன்றைக்கும் நீ இருமிக்கொண்டேதான் குழம்பு ஊற்றினாய். எனக்கு இந்த வீட்டில் ஒரு கதவுகூட இல்லையா என்று தோன்றியது. வாய் முந்திக்கொண்டது. அது தப்புதான், நான் மறுக்கவில்லை.

ஆனாலும் சொல்கிறேன், யாராவது ஒருவர் கூப்பிட வேண்டும்.

பஹ்ரிசால்

அஸ்னி கடை மீனை நானும் தேடிக்கொண்டிருக்கிறேன். உன் கடையில் எப்படி வந்து உட்காருவேன்? என்னவாக உட்காருவேன்?


பாடாங் தாரோக்
25 மார்ச் 1972

டிரைவர் அவர்களுக்கு,

இருமலுக்காக என்று ஏன் என்னிடமாவது சொல்லவில்லை? விறகுக்காக என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு விறகுக்கட்டைக்காக என்னை விட்டுவிட்டுப் போனாரே என்று ஜனவரியிலிருந்து அழுதிருக்கிறேன். ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். நீங்கள் ஹாரன் அடிக்கிற ஆள், பேசுகிற ஆள் இல்லை.

கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். மாமாவுக்குப் படிக்கவில்லை. அவர் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். கதவு பற்றி எழுதியிருந்த இடம் வந்தபோது இடிக்கிற சத்தம் நின்றது. 

ஆனால் காலையில் அம்மா மெல்லப் பேச்செடுத்தபோது, "தானா இறங்கினவன் தானா ஏறட்டும். ஒரு தடவை அழைச்சாச்சு. ஒரே மாப்பிள்ளையை ரெண்டு தடவை அழைச்ச குடும்பம் இந்த ஊர்ல இருக்கா?" என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டார்.

ஆக உங்கள் அக்கா கூப்பிடாமல் அனுப்ப மாட்டார், என் மாமா கூப்பிட மாட்டார். நடுவில் இத்தா ஓடிக்கொண்டிருக்கிறது. சொல் உங்கள் வாயில் இருக்கிறது, அதை நான் பிடுங்க முடியாது. நாள் என்னிடம் இருக்கிறது. மூன்று மாதவிலக்குக் கணக்கு, அது எப்போது முடிகிறது என்று பதிவாளருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது, நான் சொன்னால்தான் உண்டு. சொல்ல மாட்டேன். நெருங்கிவிட்டது என்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். அது தாண்டிவிட்டால் நீங்கள் எத்தனை சாட்சியை வைத்துச் சொன்னாலும் அது வெறும் பேச்சு.

பாயாகும்புவில் துணிக்கடை வைத்திருக்கிற ஒருவர் இப்போதே மாமாவிடம் விசாரித்திருக்கிறார். இத்தாவில் இருக்கிறவளைக் கேட்கக் கூடாது என்றுகூடத் தெரியாத மனிதர். நல்ல சட்டை போட்டிருந்தார்.

என் பக்கத்தில் ஒரே ஒரு நிபந்தனைதான். தலாக்கை எந்தப் பாயில் உட்கார்ந்து, யார் யார் முன்னால் சொன்னீர்களோ, அதே பாயில் அதே ஆட்கள் முன்னால் இதைச் சொல்லுங்கள். நான் கேட்க வேண்டும், அம்மா கேட்க வேண்டும், மாமா கேட்க வேண்டும். அலுவலகத்தில் முன்பின் தெரியாதவர் முன்னால் சொல்வது சுலபம். அங்கே உங்கள் குரல் ஏன் நடுங்கப்போகிறது?

தினமும் வளைவில் ஹாரன் சத்தம் கேட்கிறது. உங்களுடையது எது என்று எனக்குத் தெரியும். கேட்டதும் கரண்டி தானாக நின்றுவிடுகிறது. இதை எழுதக் கூடாது என்றுதான் நினைத்தேன்.

டார்னெலிஸ்


பாடாங் பாஞ்சாங்
3 ஏப்ரல் 1972

நெலிஸ்,

நேற்று ஒரு விசித்திரம் நடந்தது. ஜாமாரிஸ் கையிலேயே இதைக் கொடுத்து அனுப்புகிறேன், உடனே பதில் எழுது.

பாடாங் பாஞ்சாங் ஸ்டாண்டில் உன் மாமா என் பஸ்ஸில் ஏறினார். எனக்குப் பின்சீட்டிலேயே உட்கார்ந்தார். வேறு சீட்டெல்லாம் காலியாகக் கிடந்தது. ஜாமாரிஸ், குலப் பெரியவருக்கு உரிய மரியாதையோடு, "என்ன டத்தோ, இவ்வளவு தூரம்?" என்று கேட்டார்.

"மாட்டுச்சந்தை பார்க்க வந்தேன்."

"மாடு வாங்கப் போறீங்களா?"

"பார்க்க வந்தேன்னு சொன்னேன்."

உங்கள் வீட்டில் ஒரு கன்றுக்குட்டிகூடக் கிடையாது என்பது ஊருக்கே தெரியும். நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன். புக்கித்திங்கி தாண்டும்போது கண்ணாடியில் பார்த்தால் அவர் என் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பள்ளத்தில் பஸ் குலுங்கியபோது, "இந்த ரோட்டுல தினமும் ஓட்டுறது கஷ்டம்தான்" என்றார். என்னிடம் சொன்னாரா, ஜன்னலிடம் சொன்னாரா தெரியவில்லை. "பழகிடுச்சு மாமா" என்றேன். மாமா என்று வாய் தானாக வந்துவிட்டது. அவரும் மறுக்கவில்லை.

உங்கள் வாசலில் இறங்கும்போது, "இந்த இடம்தான், டிரைவர்" என்றார். எனக்கு அந்த இடம் தெரியாதா?

அவர் போன பிறகு ஜாமாரிஸ் சீட்டைக் காட்டினார். மாமாவின் பித்தளை வெற்றிலைப் பெட்டி அங்கேயே இருந்தது. திறந்து பார்த்தோம். வெற்றிலை முழுசு முழுசாக, காம்பெல்லாம் ஒரே பக்கம் பார்க்க அடுக்கியிருந்தது. பாக்கு சீவி, சுண்ணாம்பு புதிதாக வைத்திருந்தது.

அவர் மறந்துவிட்டுப் போனாரா, விட்டுவிட்டுப் போனாரா? ஜாமாரிஸ் இதுதான் அழைப்பு என்கிறார். அவருக்கு உன் மீன் குழம்பு வேண்டும், அவர் பேச்சை நம்ப முடியாது. அக்காவிடம் சொன்னேன். "மறந்து வெச்சதைப் போய் அழைப்புன்னு எடுத்துக்கிட்டு நிக்காதே, சிரிப்பாங்க" என்கிறாள். தொலைந்த பொருளைக் கொண்டுவந்து கொடுக்கிற டிரைவராக நான் எந்த வீட்டுப் படியும் ஏறலாம். ஆனால் பெட்டியைக் கொடுத்ததும் "நன்றி, போகலாம்" என்று சொல்லிவிட்டால், அதன்பிறகு அந்த வழியில் பஸ் ஓட்டவே என்னால் முடியாது.

உன் மாமாவை உனக்குத்தான் தெரியும். சொல்.

பஹ்ரிசால்


பாடாங் தாரோக்
5 ஏப்ரல் 1972

டிரைவர் அவர்களுக்கு,

நான்கு வருஷம் ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறீர்கள். மாமாவுக்குப் பல் இல்லை என்பதைக் கவனிக்கவில்லையா? இடித்த வெற்றிலையைத்தான் அவர் வாயில் போட முடியும். முழு வெற்றிலையை அடுக்கி எடுத்துக்கொண்டு மாட்டுச்சந்தைக்குப் போனவர், அது யாருக்காக என்று நினைத்தீர்கள்?

அந்தப் பெட்டியை அவர் இத்தனை காலத்தில் எங்கும் மறந்து வைத்ததில்லை. கிணற்றடிக்குக்கூட அதோடுதான் போவார். முந்தாநாளிலிருந்து வீடு முழுக்க, "என் பெட்டியை யாராவது பார்த்தீங்களா?" என்று சத்தமாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். தேடுகிற மாதிரி தெரியவில்லை, வாசல் பக்கம் பார்த்துத்தான் கேட்கிறார். "பஸ்ல விட்டிருப்பீங்க" என்றாள் அம்மா. "இருக்கும். வயசாகுதில்ல. கொண்டுவந்து கொடுக்கிறவன் வந்தா ஒரு வாய் சாப்பிடச் சொல்லுங்க" என்றார்.

இன்னொன்றும் சொல்கிறேன். நேற்று சமையலறைக் கதவைக் கழற்றிவிட்டார். சுவரில் சாய்த்து வைத்திருக்கிறது. எந்தப் பக்கம் மாட்டப்போகிறீர்கள் என்று கேட்டேன். "எனக்கென்ன தெரியும்? மாட்டுறவனைக் கேளு" என்றார். கதவில்லாத சமையலறையில் நேற்றிலிருந்து ஊர் நாய்கள் வந்து எட்டிப் பார்க்கின்றன. விரட்டி விரட்டி எனக்குக் கை வலிக்கிறது.

நாளை வியாழன். மாலைத் தொழுகை முடிந்ததும் பாய் விரித்திருப்பேன். இனி இத்தா முடிகிற நாளை மறைக்க எனக்கு மனம் வரவில்லை. இந்த வாரத்தைத் தாண்டாது.

ஆனால் ஒன்று தெரிந்துகொண்டு வாருங்கள். பெட்டியைக் கொடுப்பது வேறு, இது வேறு. மாமா தன் பதிலைச் சொல்லிவிட்டார். நான் இன்னும் சொல்லவில்லை. உங்கள் வாயிலிருந்து அந்தச் சொல்லைக் கேட்ட பிறகுதான், அதே இடத்தில் உட்கார்ந்து சொல்வேன். என்ன சொல்வேன் என்று எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாமல் இருப்பது கொஞ்சம் நல்லதுதான்.

டார்னெலிஸ்


பாடாங் பாஞ்சாங்
வியாழன் காலை

நெலிஸ்,

வருகிறேன். நாளைக்கு வேறு ஆளை ஓட்டச் சொல்லிவிட்டேன்.

அக்கா வாசலில் நின்று, "கூப்பிடாமலா போறே?" என்றாள். பெட்டியைத் திறந்து நீ எழுதியதைச் சொன்னேன். பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு ஒரு வெற்றிலையை எடுத்துச் சுண்ணாம்பு தடவி மடித்து வாயில் போட்டுக்கொண்டு, "சட்டையை மாத்திக்கிட்டுப் போ" என்றாள்.

குரல் நடுங்கும் என்றே நினைக்கிறேன்.

பஹ்ரிசால்


பாடாங் தாரோக்
12 ஏப்ரல் 1972

உடா,

நேற்றுவரை இதே வீட்டில் இருந்துவிட்டு இன்றைக்குத்தான் பாடாங் புறப்பட்டிருக்கிறீர்கள். அதற்குள் என்ன கடிதம் என்று நினைப்பீர்கள். எழுதிப் பழகிவிட்டது. சில விஷயம் நேரில் வருவதில்லை. பஸ் கிளம்புமுன் ஜாமாரிஸ் காலைச் சாப்பாட்டுத் தூக்கு எடுத்துப் போக வந்திருக்கிறார், அதோடு இதையும் கொடுக்கிறேன்.

அன்று நீங்கள் அந்தச் சொல்லைச் சொல்லி முடித்த பிறகு நான் உடனே பேசவில்லை. உங்கள் முகம் வெளிறிப்போனதைப் பார்த்தேன். அம்மா என் தொடையில் கிள்ளினாள். உங்களைத் தண்டிக்கவேண்டும் என்று இல்லை. ஜனவரியில் நீங்கள் இறங்கிய பிறகு அந்தப் பாயில் ஒரு அமைதி இருந்தது. அதில் நான் தனியாக உட்கார்ந்திருந்தேன். அதே அமைதியில் நீங்களும் கொஞ்சம் என் பக்கத்தில் உட்கார வேண்டும் என்று இருந்தது. அவ்வளவுதான். பிறகு சம்மதம் என்றேன். உங்கள் தட்டில் குழம்பு ஊற்றினேன். சட்டையில் சிந்தியது என் தப்பு. கறை போகாது போலிருக்கிறது.

மாமா பெட்டியைத் திறந்து பார்த்தார், ஒரு வெற்றிலை குறைந்திருந்தது. யார் எடுத்தார்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்று காலை அந்தப் பழைய உரலைத் துடைத்து வைத்துக்கொண்டு சந்தோஷமாக இடிக்கிறார்.

மறுநாள் பதிவாளர் அலுவலகத்தில் நான் சொன்னதைக் கேட்டீர்களே. "உங்க புருஷன் உங்களைத் திரும்ப எடுத்துக்கிட்டார், சம்மதம்தானே?" என்றார். "அவர் திரும்பி வந்தார். நான் வரச் சொன்னேன்" என்றேன். அவர் சிரித்துவிட்டு, அச்சடித்திருந்தபடியே எழுதிக்கொண்டார். கணவன் மனைவியை மீட்டுக்கொண்டான் என்று இருந்தது. இருக்கட்டும். காகிதத்தில் அவர்கள் சொல் இருக்கட்டும், வீட்டில் என் சொல் இருக்கும்.

ஆனால் சலேஹா அம்மாவிடம் போய் அரபிச் சொல்லுக்கு அர்த்தம் கேட்டேனே, அவ்வளவு தூரம் போயிருக்க வேண்டாம். இன்று விடியற்காலையில் படியிறங்கும்போது நீங்கள் திரும்பிப் பார்க்காமல், செருப்பு மாட்டிக்கொண்டே, "போய்ட்டு வர்றேன்" என்றீர்கள். பழக்கத்தில் சொல்லியிருப்பீர்கள். நீங்கள் கவனித்திருக்கக்கூட மாட்டீர்கள். நான் அடுப்பங்கரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். கண்ணில் புகை என்று அம்மாவிடம் சொன்னேன். நீங்கள் மாட்டிய கதவு வெளிப்பக்கம் திறந்துதான் இருந்தது, புகையே இல்லை.

மத்தியானம் அஸ்னி கடையில் நிறுத்தாதீர்கள். மீன் தலை எடுத்து வைத்திருக்கிறேன்.

வாருங்கள்.

உங்கள் நெலிஸ்